சியான் நகரத்துச் சந்தியில் நான் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை, அடுப்பே மூட்டவில்லை. "அம்மா, நான் இங்கத்தை வேலையை விட்டிட்டு லண்டனுக்கு வந்து உங்களோட இருக்கவா?" என்று நீ கேட்டதும் என் வாயில் வந்த பொய் அது. நீ படிப்பிக்கும் பல்கலைக்கழகத்துக்கு, தொடர்ந்து வேலை செய்வாயா என்று, இந்த மாதம் முடிவதற்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். போனில் கதைத்தால் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிடுவோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை. நான் மெல்ல எழுதுகிறேன், நீ மெல்ல வாசி.

பதில் சொல்ல முதல், நான் சீனாவுக்கு, உன் சியான் நகரத்துக்கு வந்து உன்னோடு நின்ற நாட்களைப் பற்றி எழுத வேண்டும். நடந்ததெல்லாம் உனக்கும் தெரியும். ஆனால் என் மனதுக்குள் என்ன நடந்தது என்று நான் உனக்குச் சொல்லவில்லை. நான் முதன்முதலாக விமானம் ஏறியது உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, உயிர் தப்பினால் போதும் என்று. வந்து இறங்கிக் லண்டன் குரோய்டனில் அகதியாகப் பதிகிற அந்தப் பெரிய கட்டடத்துக்கு வெளியே குளிரில் வரிசையில் நின்றேன். பிறகு கல்யாண வீடு, செத்த வீடு என்று சில தரம் ஏறியிருக்கிறேன். ஒரு ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஏறியது இதுதான் முதல் தடவை. இங்கே தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தமிழ்க் கடையில் உனக்கு மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் வாங்கும்போது கடைக்காரத் தம்பி கேட்டான்.

"அக்கா, சைனாவுக்கோ? அங்கையும் போய்க் கறி சமைக்கப் போறியளோ? மணத்துக்கே திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

"லண்டன்காரனே என்னைத் திருப்பி அனுப்பேல்லை. அவன் அனுப்பப் போறானே?" என்றேன். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வெளியே வந்து பேருந்துத் தரிப்பில் நின்றபோது, பக்கத்தில் நின்று பையைத் தூக்க அப்பா இல்லையே என்று இருந்தது. அப்படித்தான் அது வரும். சிரிப்புக்குப் பின்னாலேயே வரும்.

நீ என்னை முதலில் கூட்டிப்போனது அந்த ஊரின் பழைய மதிலுக்கு. மதில் என்றால் வீட்டைச் சுற்றிக் கட்டுவது போல ஒன்று என்று நினைத்தேன். ஏறிப் பார்த்தால் மேலே ஒரு ரோட்டே போகிறது. ஒரு பக்கம் சாம்பல் நிற ஓட்டு வீடுகள், மறு பக்கம் வானத்தைத் தொடும் மாடிகள், நடுவில் சனம் சைக்கிள் ஓடுகிறது. பழைய காலத்து இராசாத்திகள் போலப் பட்டு உடுப்பை வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு பெட்டைகள் படம் எடுக்கிறார்கள். உடுப்புக்குக் கீழே பார்த்தால் ஓடுகிற சப்பாத்து. எனக்கு முழங்கால் நோ என்று நீ இரண்டு பேர் இருக்கிற சைக்கிள் ஒன்று எடுத்து வந்தாய்.

"ஏறுங்கோ அம்மா. நீங்கள் சும்மா இருங்கோ, நான் மிதிக்கிறன்."

"விழுந்தா?"

"விழுந்தா ரெண்டு பேரும் விழுவம். பயப்பிடாதேங்கோ."

நான் பின்னால் இருந்தேன். காற்று நல்லாக இருந்தது. நீ ஏதோ கதை சொல்லிக்கொண்டு மிதித்தாய், எந்த இராசா, எந்தக் காலம் என்று. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. உன் முதுகு அப்படியே அப்பாவின் முதுகு. தோள் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும், அதுவும் அப்படியே. அந்த மதிலின் ஒரு வாசலில் இருந்து மற்ற வாசல் வரை நான் பின்னால் இருந்து அழுதுகொண்டு வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை, ஓட்டத்தில் கவனமாக இருந்தாய். அது எனக்கு நல்லதாகப் போயிற்று.

அப்பாவுக்கு இங்கே லண்டன் குளிர் ஒரு நாளும் ஒத்துவரவில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் அவர் வேலை செய்த இடத்தை நீ பார்த்ததில்லை. மொத்தமாக மீன் விற்கும் இடத்தில், குளிர் அறைக்குள்தான் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்ததும் கேத்தலில் தண்ணீர் சுடவைத்து அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்பார். வெயில் காலத்திலும் ஜம்பர் கழற்ற மாட்டார். "இஞ்சரும், இந்த நாட்டில சூரியனும் பார்ட் டைம்தான் வேலை செய்யுது" என்பார். நல்ல கோட் ஒன்று வாங்கச் சொன்னால், முதலில் உனக்கு வாங்குவோம் என்பார். உனக்கு வாங்கியபிறகு, இனி என்னத்துக்கு, குளிர் காலம் முடியப் போகிறது என்பார். எல்லா வருடமும் இதே கதை.

கொரோனாக் காலத்தில் அவர் போனபோது நீ சியானில் அடைபட்டுக் கிடந்தாய். விமானம் இல்லை, வழி இல்லை. நீ எத்தனை இடத்தில் கெஞ்சினாய் என்று எனக்குத் தெரியும். தகனம் செய்யும் இடத்தில் சில பேரைத்தான் உள்ளே விட்டார்கள். ஐயர் முகக்கவசத்தோடு மந்திரம் சொன்னார். கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை நீ. இங்கே நெருப்பு இல்லை, ஒரு பொத்தானை அமத்த வேண்டும், அவ்வளவுதான். உனக்குப் பதிலாகப் பெரியப்பாவின் மகன் அண்ணை நின்றான். யாரோ ஒரு போனைக் கதிரையில் சாய்த்து வைத்து, நீ பார்க்கிறாய் என்று சொன்னார்கள். நீ எல்லாவற்றையும் பார்த்தாய் என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வழி திறந்த பிறகு நீ ஒருமுறை வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றாய். ஒன்றும் கேட்கவில்லை.

நான் சியானுக்கு வந்த மறுநாள் பின்னேரம், இருட்டுப்பட முதல், "அம்மா, கீழ ஒருக்காப் போட்டு வாறன்" என்று போனாய். திரும்பி வந்தபோது உன்மேல் புகை மணந்தது. கண் சிவந்திருந்தது.

"சிகரெட் பிடிக்கிறியோ?"

"இல்லை அம்மா."

"அப்ப என்ன மணம்?"

"ரோட்டில சனம் கடுதாசி எரிக்குதுகள்" என்றாய். நான் நம்பவில்லை. நாளைக்குக் கேட்போம் என்று விட்டுவிட்டேன்.

விடிய எழும்பிக் குப்பைப் பையைக் கொண்டு கீழே இறங்கினேன். உன் வாசலுக்கு முன்னால் ரோடு பிரிகிற சந்தியில் வெண்கட்டியால் வட்டம் வட்டமாகக் கீறிக் கிடந்தது. வட்டத்துக்குள் கரிந்த சாம்பல். உன் வாசலுக்கு நேரே ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு தோடம்பழம். குப்பைப் பையை அந்த இடத்திலேயே போட்டுவிட்டேன். உனக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பிடித்த பீடையைக் கழிப்புக் கழித்துச் சந்தியில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அதை மிதிக்கிறவருக்கு அது ஒட்டிவிடும். நீ மெலிந்து போயிருந்தாய், கண் சிவந்து வந்தாய், கேட்டால் பதில் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்த என் பிள்ளைக்கு ஆரோ செய்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே முடிவு. மேலே ஏறினேன். முழங்கால் நோ எங்கே போனதென்று தெரியவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, கொண்டுவந்த மஞ்சள்தூளை அப்படியே கொட்டிக் கலக்கி, கூட்டுகிற தும்புத்தடியையும் எடுத்துக்கொண்டு இறங்கி, அந்த வட்டத்தில் ஊற்றித் தேய்த்தேன்.

கீழ்வீட்டு மனுசி கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்து என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கினா. நானும் கத்தினேன். "நீ ஆர் கேக்க? என்ர பிள்ளைக்கு என்ன செய்தனி?" அவ சீனத்தில் பேச, நான் தமிழில் பேச, இரண்டு பேருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் சண்டை குறைவில்லாமல் நடந்தது. நீ செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாய்.

"அம்மா! என்ன செய்யிறியள்?"

"அப்பன், கிட்ட வராதை. ஆரோ கழிப்புப் போட்டிருக்கு. மிதிக்காதை!"

நீ அந்த மஞ்சள் தண்ணீருக்குள்ளேயே வந்து நின்றாய். உன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா, அது நான் கீறினது. அது அப்பாவுக்கு."

நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். நீ பக்கத்தில் இருந்து, சொல் தேடித் தேடிச் சொன்னாய். குளிர் தொடங்க முதல் அந்த ஊர்ச் சனம் செத்தவர்களுக்குக் கடுதாசியில் செய்த உடுப்பை எரித்து அனுப்புமாம். அங்கேயும் குளிருமாம். வேறு ஆவிகள் பறிக்காமல் இருக்க வட்டம் கீறுவார்களாம். எங்கள் ஆள் உள்ளே வர ஒரு பக்கம் திறந்து விடுவார்களாம். வருடம் வருடம் நீ செய்கிறாயாம். எனக்குச் சொன்னால் ஏசுவேன், ஐயரைக் கூப்பிட்டுத் திவசம் செய்யாமல் ரோட்டில் இது என்ன வேலை என்று கேட்பேன் என்று பயந்தாயாம். கேட்டிருப்பேன்தான்.

"அப்பாவுக்கு என்ன அனுப்பினனி?"

"கோட். சப்பாத்து. கையுறையும்."

கையுறை என்று நீ சொன்னதும் எனக்கு அந்தக் கேத்தல் நினைவு வந்தது. நான் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதேன். கீழ்வீட்டு மனுசி அசையாமல் நின்று உன்னிடம் ஏதோ சொன்னா.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"சொல்லடா."

"புருசனுக்குக் கோட் போய்ச் சேர முந்தி மனுசி ஓடி வந்து நனைச்சுப் போட்டாவாம். பாவம் அந்த மனுசன், உயிரோட இருக்கேக்கையும் இவவிட்டை இப்பிடித்தான் பட்டிருப்பாராம்."

"ஓம் எண்டு சொல்லு" என்றேன். "உண்மைதான் எண்டு சொல்லு." நீ சொன்னாய். அவ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டா. நீ அந்த மொழியில் கதைக்கிறதை அன்றுதான் நான் கவனித்துக் கேட்டேன். என் வயிற்றில் பிறந்தவன், எனக்குத் தெரியாத ஊரில், எனக்குத் தெரியாத மொழியில், என் மானத்தையும் காத்து அயலட்டையோடும் பகைக்காமல் கதைக்கிறான். உனக்கு அந்த ஊர் வீடாகிவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியதும் எனக்குச் சந்தோசம் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேலே வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நீ அதைக் கேட்டாய். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சன்னலைப் பார்த்தபடி.

"அண்டைக்கு ஆர் அமத்தினது, அம்மா?"

"என்னப்பன் கேக்கிறாய்? நீ பாத்தனிதானே?"

"இல்லை. ஐயர் எழும்பினது மட்டுந்தான் தெரிஞ்சது. பிறகு படம் நிண்டு போச்சு. பெட்டிக்கு மேல இருந்த பூ மட்டும் தெரிஞ்சது. அந்தப் பூவையே பாத்துக்கொண்டு இருந்தனான். படம் திரும்பி வரும் எண்டு."

இத்தனை வருடமாக நீ ஒரு பூவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய், நான் இங்கே உனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்திருக்கிறேன். அன்றைக்கு உனக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், நீ திரும்ப வாசிக்கலாம். அண்ணைதான் முன்னால் போனான். அவன் பெரிய ஆம்பிளை, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனால் கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டான். "சித்தி, எனக்கு ஏலாது" என்றான். நான் எழும்பிப் போய் அவன் கைமேல் என் கையை வைத்தேன். பொம்பிளை போகக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஐயரும் மறுபக்கம் பார்த்தார். இரண்டு பேருமாக அமத்தினோம். திரை மூடியது. அப்பாவின் முகம் அமைதியாகத்தான் இருந்தது. அந்தப் பழுப்பு ஜம்பரைப் போட்டுத்தான் அனுப்பினேன்.

நீ சன்னலைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாய். பிறகு, "நல்லது, நீங்கள் அமத்தினது" என்றாய்.

மத்தியானம் கதவு தட்டிக் கேட்டது. கீழ்வீட்டு மனுசி. கையில் மடித்த கடுதாசிக் கோட் ஒன்று. தன் வீட்டுக்கு வாங்கியதில் கூடிப் போனதாம். முகத்தில் சிரிப்பே இல்லை, கடன் கொடுக்க வந்தவ போல நீட்டினா. விரித்துப் பார்த்தால் சிவப்பில் பெரிய பெரிய பூப் போட்ட பொம்பிளைக் கோட்.

"அப்பா இதைப் போடுவாரோ?" என்று நீ கேட்டாய்.

"குளிருக்கு எதையும் போடுவார்" என்றேன்.

அன்று பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் சந்தியில் நின்றோம். நீ வட்டம் கீறினாய். திறந்து விட்டது மேற்குப் பக்கம். எனக்குப் பொறுக்கவில்லை.

"தெற்குப் பக்கம் விடு. செத்தவை போற திசை தெற்கு. ஊரும் அந்தப் பக்கந்தானே."

"அப்பா லண்டனிலதானே அம்மா செத்தவர்."

"லண்டனில அவர் இருந்தவரே? வேலைக்குப் போனவர், வந்தவர்."

நீ எழும்பி மனுசியிடம் கேட்டாய். அவ அலுத்துக்கொண்டு சொன்னதை நீ எனக்குச் சொன்னாய். இரண்டு பக்கமும் திறந்தால் ஊரில் உள்ள ஆவியெல்லாம் உள்ளே வந்து கோட்டுக்கு அடிபடுமாம், சண்டையை நிறுத்தி, அந்த மனுசனுக்கு எந்த வழி தெரியும் என்று யோசிக்கட்டுமாம். நான் யோசித்தேன். ஊரில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது வீடு இல்லை. அந்த வழியால் வரச் சொன்னால் அவர் எங்கே இருந்து வெளிக்கிடுவார்? அவருக்குத் தெரிந்த வீடு நாங்கள் மூன்று பேரும் இருந்த தோர்ண்டன் ஹீத் வீடுதான். "மேற்கே இருக்கட்டும்" என்றேன். நீ கொளுத்தினாய். பூப்போட்ட கோட் ஒரு நொடியில் சுருண்டு, கறுத்து, மேலே எழும்பியது. நாங்கள் கும்பிட்டோம். மனுசி கைகட்டி நின்றா. சுற்றிவர ஒவ்வொரு மூலையிலும் முதல் நாளைய சாம்பல். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒருவர் குறைவு என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தனியாக இல்லை என்று மட்டும் இருந்தது.

அடுத்த நாள் மண் பொம்மைப் படையைப் பார்க்கக் கூட்டிப்போனாய். பள்ளத்துக்குள் வரிசை வரிசையாக ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். தலை இல்லாதவர்கள், கை இல்லாதவர்கள், இன்னும் ஒட்டாமல் துண்டு துண்டாகக் கிடப்பவர்கள். ஒரு இராசா தன் சாவுக்குக் காவல் நிற்க இத்தனை பேரைச் செய்து வைத்தானாம். ஒரு முகம் போல மற்ற முகம் இல்லை என்றாய். சுற்றி நின்ற சனமெல்லாம் போனை உயர்த்திப் படம் எடுத்தது. எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இவங்கள் எவ்வளவு காலம் இப்பிடி நிண்டவங்கள்?" என்று கேட்டேன். "ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல, அம்மா." "ஒருத்தருக்கும் இருக்கச் சொல்ல மனம் வரேல்லையே?" நீ சிரித்தாய். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ என்னோடு இருக்க ஆசைப்பட்டு வர நினைக்கவில்லை, தம்பி. அப்பாவைத் தவறவிட்டது போல என்னையும் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் வர நினைக்கிறாய். வேலையை விட்டு வந்து, உன்னுடைய பழைய அறையில் இருந்துகொண்டு, நான் இருமும் போதெல்லாம் எழும்பிப் பார்ப்பாய். நான் செத்தால்தான் உனக்கு விடுதலை என்று ஆகிவிடும். வாய் திறந்து சொல்ல மாட்டாய், உன் மனதுக்கும் தெரியாது, ஆனால் ஆகிவிடும். நான் இன்னும் எத்தனை வருடம் இருப்பேனோ யாருக்குத் தெரியும். என் சாவுக்குக் காவல் இருக்க ஒரு பிள்ளையை நான் பெறவில்லை.

நான் பெரிய மனம் படைத்தவள் என்று நினைத்துவிடாதே. நீ கேட்டபோது, ஓம் வா என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. வீட்டில் கதைக்க ஆள் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு போட இன்னும் பழகவில்லை, எப்போதும் மிஞ்சுகிறது. குளிர் காலத்தில் நாலு மணிக்கே இருட்டினால் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு இருக்கிறேன். இதையெல்லாம் மறைத்து, நான் நல்லாய் இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். நான் நல்லாய் இல்லை. ஆனால் நீ வந்தாலும் நான் நல்லாய் இருக்க மாட்டேன், அப்பா வரமாட்டார்தானே. உனக்கு இருக்கிற ஒரு வீட்டையும் கெடுத்ததுதான் மிச்சமாகும்.

அதனால் இப்போது வராதே. விடுமுறைக்கு வா, வந்து சாப்பிட்டு, சண்டை பிடித்து, திரும்பிப் போ. காலையில் வெறும் தேத்தண்ணியோடு படிப்பிக்கப் போகாதே. கீழ்வீட்டு மனுசியைப் பகைக்காதே, உனக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் கதவைத் தட்டப் போகிறவ அவதான். மனதில் ஒன்றை வருடக் கணக்காக வைத்திராதே, கேள். நானும் கேட்கிறேன். என்னால் ஏலாமல் போகிற நாள் வந்தால் நானே வாய் திறந்து வா என்று சொல்வேன், அப்போது ஏன் என்று கேட்காமல் வா. சொல்ல முதலே நான் போய்விட்டால், அண்ணை இருக்கிறான், இல்லாவிட்டால் வேறு யாராவது ஒரு கை வைத்து அமத்துவார்கள். நீ அதைப் பார்க்கவில்லை என்பதற்காக நான் உனக்கு அம்மா இல்லாமல் போய்விட மாட்டேன். அப்பாவும் அப்பா இல்லாமல் போகவில்லை.

நாளைக்கே போய் அவர்களுக்கு ஓம் என்று சொல்லு. சொல்லிவிட்டு எனக்குப் போன் எடு. நான் அழுவேன். அதற்காக வெளிக்கிட்டு வந்துவிடாதே.

அம்மா